மூன்றும் பொருந்தும் நாடகங்கள்

1909-ஆம் ஆண்டு வாக்கில், திருவிதாங்கூர் அரசுக்காக ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டிக்கொண்டிருந்த த. கணபதி சாஸ்திரிக்குப் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் ஒரு கட்டு கிடைத்தது. 105 ஓலைகள். எழுத்து பழைய மலையாளம், மொழி சமஸ்கிருதம். உள்ளே பத்து நாடகங்கள் முழுமையாகவும் பதினோராவது ஒன்று குறையாகவும் இருந்தன. எதிலும் எழுதியவர் பெயர் இல்லை.

சாஸ்திரி 1860-ல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தருவையில் பிறந்தவர். உத்தியோகம் திருவனந்தபுரத்தில். மணலிக்கரையும் பத்மநாபபுரமும் அன்று திருவிதாங்கூர் மண். 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். தேடல் தொடர்ந்தது. அபிஷேகம், பிரதிமா என்ற இரண்டு நாடகங்கள் கைலாசபுரத்திலிருந்து வந்து சேர்ந்தன. ஆக மொத்தம் பதிமூன்று. 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அவை ஒவ்வொன்றாக அச்சேறின. பதிமூன்றையும் எழுதியவர் ஒருவரே, அவர் பாஸன் என்று சாஸ்திரி அறிவித்தார்.

பாஸன் என்ற பெயர் அறிஞர்களுக்குப் புதிதல்ல. காளிதாசனே மாளவிகாக்னிமித்திரத்தில் தனக்கு முன்னால் புகழ்பெற்றிருந்த கவிகளில் ஒருவனாக அவனைச் சொல்கிறான். பெயர் வாழ்ந்தது, நாடகங்கள் காணாமல் போயிருந்தன. இப்போது திடீரென்று பதிமூன்று கிடைத்துவிட்டன என்றால் எப்படி இருந்திருக்கும்! உலகமெங்கும் சமஸ்கிருதம் படித்தவர்கள் திருவனந்தபுரத்தின் பக்கம் திரும்பினார்கள்.

பெயரே இல்லாத நாடகங்களுக்கு ஆசிரியர் ஒருவர்தான் என்று எப்படிச் சொல்ல முடிந்தது? பல அடையாளங்கள் ஒன்றாகப் பொருந்துவதைப் பார்த்துத்தான். சென்ற அத்தியாயத்தில் ஒரே ஒரு நிபந்தனையைக் கொண்டு தரவுத்தளத்திலிருந்து வரிசைகளை எடுப்பதைப் பார்த்தோம். பல நிபந்தனைகள் சேரும்போது என்ன நடக்கிறது என்பதற்குச் சாஸ்திரியின் பதிமூன்று நாடகங்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. வங்கிக் கணக்குகளையும் ஊழியர் பட்டியலையும் வைத்தே இதைக் கற்பிப்பது வழக்கம். அங்கே விடை சரியா தவறா என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இங்கே விடை சரியாக வந்த பிறகுதான் உண்மையான கேள்வி எழுகிறது.

மூன்று அடையாளங்கள்

சாஸ்திரி கவனித்த பொது அம்சங்கள் பல. நம் வேலைக்கு மூன்று போதும்.

முதலாவது, தொடக்கம். பிற சமஸ்கிருத நாடகங்களை எடுத்தால் முதலில் ஒரு வாழ்த்துப்பா இருக்கும். அதற்குப் பிறகே நாடகத்தை நடத்தும் சூத்திரதாரன் வருவதாக மேடைக்குறிப்பு வரும். இந்தப் பதிமூன்றில் மேடைக்குறிப்புதான் முதல் வரி. நாந்தி என்னும் தொடக்க வாழ்த்து முடிகிறது, சூத்திரதாரன் நுழைகிறான், அதன் பிறகே பேச்சும் பாட்டும். ஏழாம் நூற்றாண்டின் பாணன், பாஸனின் நாடகங்கள் சூத்திரதாரனைக் கொண்டு தொடங்கியவை என்ற பொருளில் ஹர்ஷசரிதத்தில் பேசியிருப்பது சாஸ்திரிக்குப் பெரிய ஊன்றுகோல்.

இரண்டாவது, முன்னுரைக் காட்சியின் பெயர். மற்ற நாடகங்கள் அதைப் பிரஸ்தாவனா என்னும். இவை ஸ்தாபனா என்கின்றன.

மூன்றாவது, அந்தக் காட்சியில் கவியின் பெயர் வருவதில்லை. காளிதாசனும் பவபூதியும் சூத்திரதாரன் வாயாலேயே தங்கள் பெயரைச் சபைக்குத் தெரிவித்துவிடுவார்கள். இங்கே மௌனம்.

இவற்றை அட்டவணையாக்குவோம். நாடகத்துக்கு ஒரு வரிசை, அடையாளத்துக்கு ஒரு நெடுவரிசை: ‘தொடக்கம்’, ‘முன்னுரை’, ‘கவிபெயர்’. இப்படி வைத்தால் வினவல் எளிது. தொடக்கம் சூத்திரதாரன், அண்ட் முன்னுரை ஸ்தாபனா, அண்ட் கவிபெயர் இல்லை என்று எஸ்.கியூ.எல். என்ற வினவல் மொழியில் ‘வேர்’ என்ற சொல்லுக்குப் பின் எழுதிவிட்டால் போதும். இயந்திரம் ஒவ்வொரு வரிசையாக எடுத்து, அந்த வரிசைக்குள்ளேயே மூன்று கட்டங்களையும் பார்த்து, மூன்றும் சரியானால் வெளியே தரும்.

ஆனால் ஆராய்ச்சி மூன்று அடையாளங்களோடு நிற்பதில்லை. முதல் பாட்டிலேயே பாத்திரங்களின் பெயர்களை ஒளித்து வைத்திருப்பதை ஒருவர் சுட்டுவார். கடைசிப் பாட்டில் ராஜசிம்மன் என்று அரசனை வாழ்த்துவதை இன்னொருவர் காட்டுவார். மேடையிலேயே மரணம் நிகழ்வது, பாணினி இலக்கணத்துக்கு ஒவ்வாத சொல்வடிவங்கள் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் புதிய நெடுவரிசை சேர்த்துக்கொண்டே போனால் அட்டவணை பக்கவாட்டில் வளரும், பாதிக் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும்.

இங்கிலாந்தில் 1923-ல் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், 1970-ல் வெளியிட்ட கட்டுரையில்தான் உறவுநிலைத் தரவுத்தளத்துக்கு அடித்தளம் போட்டார். அவர் வழியில் இந்தத் தகவலை மூன்று அட்டவணைகளாகப் பிரிக்கலாம். ஒன்றில் நாடகங்கள், ஒன்றில் அடையாளங்கள், மூன்றாவதில் இரண்டையும் இணைக்கும் இணைகள். ‘ஊருபங்கம் – ஸ்தாபனா’ ஒரு வரிசை. ‘ஊருபங்கம் – மேடையில் மரணம்’ வேறொரு வரிசை. புதிய அடையாளம் வந்தால் புதிய வரிசைகள் சேரும், அட்டவணையின் வடிவம் மாறாது. சுவடிகளுக்கும் இதே அமைப்புதான் பொருந்தும். மணலிக்கரைக் கட்டு ஒன்று, அதில் நூல்கள் பதினொன்று. அபிஷேகம் நாடகம் ஒன்று, அதற்குச் சுவடிகள் ஒன்றுக்கு மேல். கட்டையும் நூலையும் ஒரே அட்டவணையில் அடைத்தால் சீக்கிரமே எதைப் பற்றிய தகவல் எது என்று தெரியாமல் போய்விடும்.

பூஜ்யம் வரும் வினவல்

இந்த நல்ல அமைப்புக்கு ஒரு விலை உண்டு. முன்பு ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த அடையாளங்கள் இப்போது வெவ்வேறு வரிசைகளில் கிடக்கின்றன. புதிதாகக் கற்பவர் பழைய பழக்கத்தில் இணைப்பு அட்டவணையின் மேல் இப்படி எழுதுவார்:

வேர் அடையாளம் = ‘ஸ்தாபனா’ அண்ட் அடையாளம் = ‘பெயரின்மை’

விடையாக ஒரு வரிசைகூட வராது. பிழைச்செய்தியும் வராது. இலக்கணம் சரியாக இருப்பதால் இயந்திரம் சொன்னதைச் செய்துவிட்டு வெறும் பட்டியலை நீட்டும். காரணம், நிபந்தனை ஒரு நேரத்தில் ஒரு வரிசையைத்தான் பார்க்கிறது. ஒரே வரிசையின் ஒரே கட்டத்தில் இரண்டு மதிப்புகள் இருக்க முடியாது. நாம் கேட்க நினைத்தது நாடகத்தைப் பற்றி. கேட்டது வரிசையைப் பற்றி.

உடனே அவர் ‘அண்ட்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஆர்’ என்று மாற்றுவார், அல்லது ‘இன்’ என்று எழுதிப் பட்டியலைக் கொடுப்பார். இப்போது விடை கொட்டும். ஆனால் இரண்டில் ஏதாவது ஒன்று இருக்கும் நாடகங்களெல்லாம் அதில் வந்துவிடும். முதல் பிழையைவிட இது மோசம். வெறும் பட்டியலைப் பார்த்தால் சந்தேகம் வரும், நிறைந்த பட்டியலை நம்பிவிடுவோம்.

சரியான வழிகள் சில உண்டு. ஒவ்வொரு அடையாளத்துக்கும் தனித்தனியே நாடகப் பட்டியல் எடுத்து, எல்லாப் பட்டியல்களுக்கும் பொதுவானவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ‘இன்டர்செக்ட்’ என்ற சொல் இருக்கிறது. இணைப்பு அட்டவணையை அதனோடேயே ‘ஜாயின்’ செய்யலாம்: ஒரு பிரதியில் ஸ்தாபனா, இன்னொரு பிரதியில் பெயரின்மை, இரண்டிலும் நாடகம் ஒன்றே. இரண்டு மூன்று அடையாளங்கள் வரை இவை அழகாக நடக்கும். பத்து ஆகிவிட்டால் வினவல் படிக்க முடியாதபடி நீண்டுவிடும்.

அப்போது கைகொடுப்பது எண்ணிக்கை. வேண்டிய மூன்று அடையாளங்களில் ஏதாவது ஒன்று உள்ள வரிசைகளை எல்லாம் எடு, நாடகவாரியாகக் குழுவாக்கு, எந்தக் குழுவில் மூன்று இருக்கிறதோ அதைக் கொடு. ‘குரூப் பை’யும் ‘ஹேவிங்’கும் சேர்ந்து இதைச் செய்யும். வேலைக்குப் போகும் இடங்களில் பெரும்பாலோர் எழுதுவது இதைத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை. அபிஷேகத்துக்கு இரண்டு சுவடிகள் இருக்கின்றன, இரண்டிலிருந்தும் ‘ஸ்தாபனா’ என்று இருமுறை பதிவாகிவிட்டது, அதோடு வேறு ஓர் அடையாளம் மட்டும் ஒருமுறை பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைகளை எண்ணினால் மூன்று வரும், அடையாளங்களோ இரண்டுதான் இருக்கும். ஆகவே ‘கவுன்ட்’ என்பதோடு ‘டிஸ்டிங்க்ட்’ சேர்த்து, வேறுபட்டவற்றை மட்டும் எண்ணச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி நான்காவது. அது எண்ணுவதே இல்லை. கல்யாணப் பந்தியில் மேற்பார்வை பார்ப்பவர் ஒவ்வொரு இலையிலும் எத்தனை பதார்த்தம் என்று எண்ணிக்கொண்டா போகிறார்? எந்த இலையில் எது விட்டுப்போயிருக்கிறது என்றுதான் பார்ப்பார். விட்டுப்போனது ஒன்றும் இல்லை என்றால் அந்த இலை நிறைவு. தரவுத்தளத்திலும் அப்படியே கேட்கலாம்: பட்டியலில் உள்ள அடையாளங்களில், இந்த நாடகத்தில் இல்லாதது என்று ஒன்றுகூட இல்லாத நாடகங்களைக் கொடு. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்பதை ஒன்றுக்குள் ஒன்றாக இருமுறை எழுத வேண்டும். முதல் முறை படிக்கும்போது தலை சுற்றும். ஆனால் ‘எல்லாம்’ என்பதைத் தர்க்கம் இப்படித்தான் பார்க்கிறது: எல்லாம் இருக்கிறது என்றால் இல்லாதது ஒன்றும் இல்லை.

காட் 1972-ல் எழுதிய கட்டுரையில் இந்தச் செயலுக்குத் தனியிடம் கொடுத்து ‘வகுத்தல்’ என்று பெயரிட்டார். நாடகம்–அடையாளம் அட்டவணையை அடையாளப் பட்டியலால் வகுத்தால் நாடகங்கள் ஈவாக வரும். கூடுதல் அடையாளங்கள் உள்ள நாடகமும் ஈவில் அடங்கும். அதிகப்படியானவை மீதி போலத் தள்ளப்படும். 1974-ல் சேம்பர்லினும் பாய்ஸும் உருவாக்கி, பின்னாளில் எஸ்.கியூ.எல். என்று பெயர் மாறிய மொழியில் சேர்த்தல், வெட்டல், கழித்தல் எல்லாம் இடம்பெற்றன. வகுத்தலுக்கு மட்டும் தனிச்சொல் இன்றுவரை இல்லை. அதனால்தான் இத்தனை சுற்றுவழி. இதை ஒரு பெரிய குறையாகவே நான் கருதுகிறேன். மனிதர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ‘இவை எல்லாம் யாரிடம் இருக்கிறது’ என்பதுதானே.

எண்ணும் வழிக்கும் விட்டுப்போனதைத் தேடும் வழிக்கும் இடையே நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. அடையாளப் பட்டியலே வெறுமையாக இருந்தால் என்ன ஆகும்? விட்டுப்போக ஒன்றுமே இல்லை என்பதால் இரட்டை மறுப்பு எல்லா நாடகங்களையும் கொடுக்கும். எண்ணும் வழியோ ஒன்றையும் கொடுக்காது, ஏனென்றால் குழுவாக்க வரிசையே இல்லை. எதை வேண்டுமானாலும் வடிகட்டிக்கொள்ளலாம் என்று பயனரிடம் விட்டுவிடும் மென்பொருள்களில், அவர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது இந்த வேறுபாடு வெளிப்படும்.

கர்ணபாரமும் சாருதத்தமும்

வினவலை ஓட்டினால் பதிமூன்றும் வருகின்றனவா? வருவதில்லை. கர்ணபாரத்தில் முன்னுரைக் காட்சியின் பெயர் பிரஸ்தாவனா. மூன்றும் கட்டாயம் வேண்டும் என்றால் கர்ணபாரம் நீங்கிவிடும், பன்னிரண்டே நிற்கும்.

சாஸ்திரி அதை நீக்கவில்லை. மற்ற இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன, அதே கட்டில் கிடைத்திருக்கிறது, மொழிநடை ஒத்துப்போகிறது. ஏடெழுதியவர் கைப்பழக்கத்தில் ஒரு சொல்லை மாற்றியிருக்கலாம். படித்த மனிதர் இப்படித் தளர்த்திக்கொள்வது இயல்பு. இயந்திரத்திடமும் தளர்த்திக் கேட்கலாம்: மூன்றில் இரண்டேனும் இருந்தால் போதும் என்று ‘ஹேவிங்’கில் சமன் குறிக்குப் பதிலாக ‘குறைந்தது’ என்று போட்டால் முடிந்தது. ஆனால் கவனியுங்கள், தளர்த்தினோம் என்பது வினவலில் எழுத்தாகப் பதிவாகிவிடுகிறது. மனத்துக்குள் தளர்த்தினால் அந்தப் பதிவு இல்லை. ஆராய்ச்சியில் வினவல் மொழியின் பெரும்பயன் வேகத்தைவிட இதுதான் என்பேன்.

சாருதத்தம் வேறு வகைச் சிக்கல். நான்கு அங்கங்களோடு நின்றுவிடுகிறது, கதை முடியவில்லை. சூத்ரகனின் மிருச்சகடிகத்தில் இதே கதை விரிந்து பத்து அங்கமாக ஓடுவதைப் படித்தவர்களுக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது தெரியும். பதிமூன்றில் பலவற்றின் கடைசிப் பாட்டில் ராஜசிம்மன் வருகிறான். சாருதத்தத்தில் அந்தப் பாட்டே இல்லை. அப்படியானால் ‘ராஜசிம்மன் முடிவு’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ‘உண்டு’ என்று எழுத முடியாது. ‘இல்லை’ என்று எழுதினாலும் அவசரம்; முடிவுப் பகுதியே நம் கையில் இல்லாதபோது அதில் என்ன இருந்தது என்று யார் சொல்வது?

இதற்காகவே தரவுத்தளத்தில் ‘நல்’ என்ற குறி இருக்கிறது. அது பூஜ்யமும் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. மதிப்பு தெரியாது என்பதற்கான அடையாளம். அது நுழைந்ததும் தர்க்கம் மூன்று கால் கொண்டதாகிவிடுகிறது: சரி, தவறு, தெரியாது. ‘வேர்’ சரியென்று நிரூபணமானதை மட்டுமே உள்ளே விடும். ஆகவே ராஜசிம்மன் முடிவு உள்ள நாடகங்களைக் கேட்டால் சாருதத்தம் வராது. அந்த முடிவு இல்லாதவற்றைக் கேட்டாலும் வராது. இரண்டு விடைகளையும் கூட்டி, மொத்த நாடகங்கள் இவ்வளவுதான் என்று முடிவு கட்டினால் ஒரு நாடகம் அட்டவணையில் இருந்துகொண்டே மறைந்துபோகும். அரசு அலுவலகப் பட்டியல்களில் மனிதர்கள் மறைவதும் இப்படித்தான். தந்தை பெயர் தெரியாதவர், பிறந்த தேதி தெரியாதவர் எந்தக் கணக்கிலும் விழாமல் போவார். தெரியாதவற்றைத் தனியே கேட்க ‘இஸ் நல்’ என்று ஒரு வழி இருக்கிறது. நினைவாக அதையும் கேட்க வேண்டும்.

மூன்றாவது அடையாளமான பெயரின்மையிலும் இதே கவனம் வேண்டும். ‘கவி பெயர் உண்டு’ என்ற வரிசை இல்லாததை வைத்தே பெயர் இல்லை என்று கொண்டால், யாரும் இன்னும் படித்துப் பார்க்காத சுவடியும் பெயரற்ற சுவடியும் ஒன்றாகிவிடும். படித்துப் பார்த்தோம், பெயர் இல்லை என்பதைத் தனி வரிசையாகப் பதிந்தால்தான் அது சான்று.

இயந்திரத்தின் ஊகம்

பதிமூன்று நாடகங்களுக்கு வேகம் ஒரு பொருட்டல்ல. பல லட்சம் வரிசைகள் வந்தால் பொருட்டு. ஒவ்வொரு அடையாளத்துக்கும் எந்தெந்த நாடகம் என்று வரிசைப்படுத்திய ஒரு இண்டெக்ஸ் இருந்தால், இயந்திரம் முழு அட்டவணையையும் புரட்ட வேண்டாம். மூன்று பட்டியல்களையும் எடுத்து, மிகச் சிறியதில் தொடங்கி, மற்ற இரண்டிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனால் போதும்.

எது மிகச் சிறியது என்பதை முன்கூட்டியே எப்படி அறிவது? இங்கேதான் ஊகம் வருகிறது. 1979-ல் பெட்ரிசியா செலிங்கரும் அவருடைய குழுவினரும் ஐ.பி.எம்.மின் சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தளத்துக்காக வகுத்த முறையே இன்றைய இயந்திரங்களின் மூதாதை. ஒவ்வொரு நிபந்தனையும் வரிசைகளில் எத்தனை பங்கை உள்ளே விடும் என்று மதிப்பிட வேண்டும். ‘அண்ட்’ போட்டு இணைத்தால் அந்தப் பங்குகளைப் பெருக்க வேண்டும். பத்தில் ஒன்று, பத்தில் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் நூறில் ஒன்று.

பெருக்கலாம்தான், நிபந்தனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால். கற்பனையாக, தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் தலா ஒரு லட்சமாக 38 லட்சம் வரிசைகள் கொண்ட அட்டவணை இருக்கிறது என்று கொள்வோம். நாகர்கோவிலுக்கு அதில் பத்தாயிரம். ‘ஊர் நாகர்கோவில், மாவட்டம் கன்னியாகுமரி’ என்று இரண்டு நிபந்தனைகள் கொடுக்கிறோம். பெருக்கிப் பார்க்கும் இயந்திரம் 263 வரிசைகள் வரும் என்று எதிர்பார்க்கும். வருவதோ பத்தாயிரம். நாகர்கோவில் என்று சொன்னபோதே கன்னியாகுமரி உள்ளே வந்துவிட்டது. இரண்டாவது நிபந்தனை புதிதாக எதையும் வடிகட்டவில்லை. இந்தத் தவறான ஊகத்தை நம்பி இயந்திரம் பொருந்தாத வழியில் இறங்கினால் நொடியில் முடிய வேண்டியது நிமிடக்கணக்கில் இழுக்கும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் 2017-ல் வந்த பத்தாம் பதிப்பு முதல், இன்ன நெடுவரிசைகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்று நாமே சொல்லிவைக்க வழி உண்டு.

தரவுத்தளத்தில் இதனால் வேகம்தான் கெடும், விடை கெடாது. ஆராய்ச்சியில் விடையின் மதிப்பே கெட்டுவிடும். பாஸன் விவகாரத்தில் நடந்தது அதுதான்.

ஒவ்வொரு அடையாளமும் அரிது, மூன்றும் தற்செயலாக ஒரே இடத்தில் சேர்வது அரிதினும் அரிது, ஆகவே ஒரே ஆசிரியர் என்பதே சாஸ்திரியின் வாதத்தின் உட்கிடை. சொல்லாமலே பெருக்கினார். பெருக்கல் செல்லுமா?

1917-ல் சாஸ்திரியே திருவனந்தபுரம் வரிசையில் மத்தவிலாசப் பிரகசனத்தை வெளியிட்டார். எழுதியவர் காஞ்சிப் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன். கதை நடப்பதும் காஞ்சியில். அதிலும் மேடைக்குறிப்பே முதல் வரி. அதிலும் ஸ்தாபனா. ஆனால் கவியின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. சக்திபத்ரனின் ஆச்சரியசூடாமணியும் தன் கவியின் பெயரைச் சொல்லிவிடுகிறது. தொடக்கம் அதே முறை. பகவதஜ்ஜுகம் அதே முறையில் தொடங்கி, கவி பெயரையும் சொல்லாமல் விடுகிறது. காளிதாசன் நாடகங்களின் கேரளச் சுவடிகள் சிலவற்றிலும் தொடக்கம் இப்படித்தான் மாறி நிற்கிறது. இவற்றையெல்லாம் பாஸன் எழுதினான் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

என்ன தெரிகிறது? தொடக்கமும் ஸ்தாபனாவும் ஒரு கவியின் கைரேகையாக இருக்க வேண்டியதில்லை. தென்னாட்டு மேடை மரபின், ஏடெழுதும் மரபின் முத்திரையாகவும் இருக்கலாம். கேரளத்தின் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தைத் தலைமுறைகளாக நடத்திவந்த சாக்கியார்கள் நாடகத்தை அங்கம் அங்கமாகப் பிரித்து ஆடுபவர்கள். அவர்கள் கைக்கு வந்த ஏடுகளில் கவியின் பெயர் கொண்ட முன்னுரை சுருங்கவோ உதிரவோ வாய்ப்பு உண்டு. அப்படிப் பார்த்தால் மூன்று அடையாளங்களுக்கும் ஒரே காரணம், கேரள மரபு. நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் போல மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று. இலண்டனில் எல். டி. பார்னெட்டும் கேரளத்தில் பிஷாரடி அறிஞர்களும் சாஸ்திரியை மறுத்தபோது இந்த வாதமே முன்னின்றது.

சாஸ்திரியின் அட்டவணையில் பிழை இல்லை. வினவலிலும் பிழை இல்லை. அட்டவணையில் இல்லாத வரிசைகள்தான் குறை. 1912-ல் மத்தவிலாசமும் ஆச்சரியசூடாமணியும் அச்சில் இல்லை. வடநாட்டு ஏடுகளோடு மட்டும் ஒப்பிட்டால் இந்த மூன்று அடையாளங்களும் அரிதாகவே தெரியும். எதிர்வாதத்துக்கு வேண்டிய மத்தவிலாசத்தைத் தானே தேடி எடுத்துத் தானே பதிப்பித்தார் என்பதற்காகவே அந்தத் தருவைக்காரரிடம் எனக்கு மதிப்பு கூடுகிறது.

நல்ல நிபந்தனை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் இதே விவகாரம் காட்டுகிறது. வி. எஸ். சுக்தங்கர் 1920-களில் இந்த நாடகங்களுக்குள் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்களையும் வரிகளையும் தொகுத்தார். ஏடெழுதுபவர் முன்னுரையின் பெயரை மாற்றலாம், தொடக்கக் குறிப்பை இடம் மாற்றலாம். வசனத்துக்குள் ஓடும் சொற்பழக்கத்தைப் பதிமூன்று நாடகங்களிலும் புகுத்துவது கடினம். மேடை மரபைச் சாராத அடையாளம் என்பதால் இதன் எடை தனி. இன்னொன்று வெளிச்சான்று. பாஸனின் நாடகங்களை நெருப்பிலிட்டுச் சோதித்தபோது ஸ்வப்னவாசவதத்தம் எரியவில்லை என்று ராஜசேகரன் பெயரால் வழங்கும் பாடல் சொல்கிறது. அந்தத் தலைப்பை வடநாட்டு நூல்களும் அறியும். மாறாக, பாஸன் பாடியதாகத் தொகைநூல்கள் தரும் பாடல்கள் இந்தப் பதிமூன்றில் காணப்படவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு நாட்டியதர்ப்பணம் ஸ்வப்னவாசவதத்தத்திலிருந்து என்று காட்டும் ஒரு பாடலும் அச்சிட்ட பாடத்தில் இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், ஸ்வப்னவாசவதத்தம் பாஸனுடையது, கேரள ஏட்டில் சற்றே குறுகி வந்தது. அதே உதயணன் கதையைச் சொல்லும் பிரதிஜ்ஞாயௌகந்தராயணம் அதனோடு சேரும். மற்றப் பதினொன்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டும். பதிமூன்று என்ற கட்டை அப்படியே ஏற்கவும் முடியாது, அப்படியே தள்ளவும் முடியாது.

இன்று திருவனந்தபுரத்துக்கு வெளியே காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமும் இருக்கின்றன. பக்கத்திலேயே 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க்கில் ஆயிரக்கணக்கானோர் நாள் முழுவதும் ‘ஜாயின்’களும் ‘ஹேவிங்’களும் எழுதுகிறார்கள். 2003-ல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கம் நாடு முழுவதும் உள்ள சுவடிகளின் விவரங்களைத் தரவுத்தளமாக்கும் பணியில் இறங்கியது. இதுவரை கிடைத்த பாஸ நாடகச் சுவடிகள் அநேகமாக எல்லாம் கேரள மரபைச் சேர்ந்தவை. கேரள ஏடெழுத்து மரபுக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு நல்ல சுவடி கிடைத்தால், எந்த அடையாளம் கவியுடையது, எது ஏடெழுதியவருடையது என்று பிரித்துப் பார்க்க முடியும். கேரளத்துக்குள்ளேயே கிடைக்கும் ஒவ்வொரு புதிய ஏடும் அட்டவணையில் ஒரு வரிசையைக் கூட்டும்.

உங்கள் குடும்பத்தில் ஓலைக்கட்டு இருந்தால் முதல் ஏட்டைப் பார்த்துவிட்டு ஜாதகம், வைத்தியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு கட்டுக்குள் பல நூல்கள் இருப்பது சாதாரணம். காரியவட்டத்துக்கோ, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறைக்கோ ஒரு தகவல் கொடுங்கள். சுவடியை விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால், படமெடுத்துக்கொள்ள மட்டுமாவது அனுமதியுங்கள்.